வாரன்ட்டியா, மூக்கணாங்கயிறா?

துபாயிலோ தோஹாவிலோ குவைத்திலோ பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘ஃபுல் ஏஜென்சி சர்வீஸ்’. வண்டி எந்த ஆண்டுடையது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற விவரங்களுக்கு இணையான இடம் இந்தத் தொடருக்கு உண்டு. வாங்கிய நாள் முதல் இந்த வண்டி அந்த கார் நிறுவனத்தின் உள்ளூர் ஏஜென்சி நடத்தும் பணிமனையைத் தவிர வேறெங்கும் போனதில்லை, சர்வீஸ் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஏஜென்சியின் முத்திரை விழுந்திருக்கிறது என்பது இதன் பொருள். என்ஜின் ஆயில் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் முறையாகத் தொழில் கற்ற எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய வேலைகள்தாம். ஆனால், அந்த வேலைக்குச் சான்றாக விழும் முத்திரை யாருடையது என்பதைப் பொறுத்து வண்டியின் விலையே மாறுகிறது. வளைகுடாவில் உழைக்கும் இந்தியர்கள், இலங்கையர்கள், பாகிஸ்தானியர்கள், ஃபிலிப்பைன்ஸ் நாட்டவர் எனப் பல லட்சம் பேருடைய கார் செலவு இந்த முத்திரையைச் சுற்றியே அமைந்துவிட்டது. வாரன்ட்டி என்பது பொருளைச் செய்தவர் வாங்கியவருக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கு, வாங்கியவரை ஒரே பணிமனையில் கட்டிப்போடும் மூக்கணாங்கயிறாக மாறிவிட்டது. அந்தக் கயிற்றைச் சட்டம்தான் அவிழ்க்க முடியும், அவிழ்க்கவும் வேண்டும்.

வளைகுடாவில் கார் வைத்திருப்பதை வசதியின் அடையாளமாக ஊரில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. கட்டுமானத் தொழிலாளி கம்பெனிப் பேருந்தில்தான் போகிறார். அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கணக்கர், செவிலியர், ஆசிரியர், தொழில்நுட்பப் பணியாளர், ஊர் ஊராகச் சரக்கு விற்கும் விற்பனைப் பிரதிநிதி போன்ற நடுத்தர வருவாய்க்காரர்களின் கதை வேறு. துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2009-ல்; தோஹாவில் 2019-ல்; ரியாத்தில் 2024 இறுதியில்தான். இந்த நகரங்கள் அதற்கு வெகு முன்பே காரை நம்பி விரிந்துவிட்டவை. குடியிருப்பு ஓரிடம், பள்ளி ஓரிடம், அலுவலகம் இன்னோரிடம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது எளிதல்ல. ஆகவே, முதல் சில ஆண்டுகளின் சேமிப்பு காருக்குப் போகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மத்திய வங்கியின் 2011 விதிகளின்படி, காரின் மதிப்பில் 80 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். அதை 60 மாதங்களுக்குள் அடைத்தாக வேண்டும். கடன் தீரும்வரை, நம் மக்கள் ‘முல்கியா’ என்று சொல்லும் பதிவு அட்டையில் வங்கியின் பெயரும் ஏறியிருக்கும். வேலை இருக்கும்வரைதான் விசா; விசா இருக்கும்வரைதான் கடனை நிம்மதியாகக் கட்ட முடியும். சர்வீஸ் கவுன்டரில் வந்து நிற்கும்போதே அந்த மனிதரின் தோளில் இவ்வளவு பாரமும் இருக்கிறது.

சொந்த நாட்டில் கார் வைத்திருப்பவருக்கும் வெளிநாட்டில் வைத்திருப்பவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, காரைக் கைவிடும் நாளில்தான் தெரியும். சென்னையில் ஒருவர் தன் காரைப் பத்தாண்டு ஓட்டிவிட்டு, நல்ல விலை வரும்வரை காத்திருந்து விற்கலாம். அபுதாபியில் வேலை இழந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. விசா ரத்தான பின் நாட்டில் தங்க முன்பு 30 நாள்தான் கிடைத்தது. 2022-க்குப் பிறகு விசாவின் வகையைப் பொறுத்து அது நீண்டிருக்கிறது என்றாலும், வீட்டைக் காலிசெய்து, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வாங்கி, வங்கிக் கணக்கை முடித்து, இடையே காரையும் விற்க அது போதாத காலம்தான். காரைக் கப்பலில் ஊருக்கு அனுப்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. வளைகுடாக் கார்களின் ஸ்டீயரிங் இடப்பக்கம். இந்தியா வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட கார்களை மட்டுமே இறக்குமதிக்கு அனுமதிக்கிறது. அந்தக் காரின் மதிப்பு முழுவதும் அந்த மண்ணிலேயே, அந்தச் சில வாரங்களிலேயே காசாக வேண்டும். அவசரமாக விற்பவரிடம் வாங்க வருபவர் முதலில் கேட்பது சர்வீஸ் புத்தகத்தை. முத்திரை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. ஐந்தாண்டுக்குப் பிறகு நேரக்கூடிய இந்தக் காட்சியை நினைத்துத்தான் முதல் ஆண்டிலிருந்தே அவர் ஏஜென்சி கேட்கும் தொகையைக் கொடுத்துவருகிறார். வெளிநாட்டவர் விவரம் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று பலர் சொல்வது தவறு. அவர்களுக்கு விவரம் நன்றாகவே தெரியும். நாள் குறித்துவைக்கப்பட்ட வாழ்க்கை அவர்களுடையது. அதனால்தான் பேரம் பேச முடியவில்லை.

இந்த நிலைக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. அமீரகத்தின் 1981-ஆம் ஆண்டு வணிக ஏஜென்சிச் சட்டம், வெளிநாட்டு நிறுவனத்தின் பொருளை விற்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் அமீரகக் குடிமகனாகவோ குடிமக்களுக்கு மட்டுமே சொந்தமான நிறுவனமாகவோ இருக்க வேண்டும் என்றது. அவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் அந்தப் பொருளை அவர் மட்டுமே இறக்குமதி செய்யலாம். வேறொருவர் கொண்டுவந்து விற்றாலும் அதற்கான கமிஷன் ஏஜென்டுக்குச் சேர வேண்டும். அவர் முறையிட்டால் சுங்கத்துறையே சரக்கை நிறுத்திவைக்கலாம். எண்ணெய் வளத்தால் திடீரென்று பெருகிய சந்தையில் உள்நாட்டு வணிகக் குடும்பங்களும் பங்குபெற வேண்டும் என்ற நோக்கம் அன்றைக்கு நியாயமானது. வெறும் பாலைவனத் துறைமுகங்களாக இருந்த ஊர்களில் கார் காட்சியகம், பணிமனை, உதிரிபாகக் கிடங்கு ஆகியவற்றை அந்த வணிகர்களே முதலில் கட்டி எழுப்பினார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால், சோப்புக்கோ பிஸ்கட்டுக்கோ தனி ஏஜென்ட் இருப்பதற்கும் காருக்கு இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. சோப்பை வாங்கியதோடு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவு முடிந்துவிடும். கார் விற்பனை அப்படியல்ல. விற்ற நாளில்தான் அந்த உறவு தொடங்குகிறது. காரை விற்பவரே உதிரிபாகத்தையும் இறக்குமதி செய்கிறார், அவரே பழுதுபார்க்கிறார், வாரன்ட்டிக் கோரிக்கை செல்லுமா செல்லாதா என்பதையும் அவரே முதலில் தீர்மானிக்கிறார். வழக்காடுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே என்றால் எதிரே நிற்பவர் என்ன செய்வார்?

இந்த அமைப்பின் குறை ஆட்சியாளர்களுக்கும் தெரியாததல்ல. ஓமன் 2014-லும் குவைத் 2016-லும் தங்கள் ஏஜென்சிச் சட்டங்களில் தனியுரிமைப் பிடியைத் தளர்த்தின. அமீரகம் 1981 சட்டத்துக்கு மாற்றாக 2022-ல் புதிய சட்டம் இயற்றியது. அது 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளிநாட்டு உற்பத்தியாளர் ஏஜென்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் முக்கிய மாற்றம். ஆனால், ஒரே ஏஜென்டிடம் 10 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவரும் ஒப்பந்தங்களுக்கும், ஏஜென்ட் 10 கோடி திர்ஹத்துக்கு மேல் முதலீடு செய்தவற்றுக்கும் அந்த விதி பொருந்த மேலும் 10 ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பெரிய கார் ஏஜென்சிகளில் பல, தலைமுறைகளைக் கடந்தவை. எனவே, இந்த மாற்றம் கார் வாங்குபவரை எட்ட வெகுகாலம் ஆகும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இந்தச் சீர்திருத்தங்கள் எல்லாம் உற்பத்தியாளருக்கும் ஏஜென்டுக்கும் இடையிலான கணக்கைத் தீர்ப்பவை. ஏஜென்ட் மாறலாம், ‘வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்ட்டி போய்விடும்’ என்ற கவுன்டர் வாசகம் மாறாது.

அந்தக் கவுன்டரில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகில் எங்கு விற்கும் காருக்கும் உற்பத்தியாளர் ஒரு பராமரிப்பு அட்டவணை தருகிறார். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்பது அதில் இருக்கும். கடும் வெயில், புழுதி, நெரிசலில் நின்று நின்று போவது போன்ற கடினமான சூழலில் ஓடும் வண்டிக்கு இடைவெளியைக் குறைக்கச் சொல்லும் பகுதியும் அதிலேயே உண்டு. வளைகுடாவுக்கு அந்தப் பகுதி பொருந்தும் என்பதில் ஐயமில்லை. அங்கே பேட்டரி இரண்டு கோடைகளைத் தாண்டினாலே பெரிது. டயர் தேயாவிட்டாலும் வயதானால் ஆபத்து. தயாரித்து ஐந்தாண்டு கடந்த டயரோடு போனால் அமீரகத்தில் ‘பாஸிங்’ எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையில் தேற முடியாது. ஏசி நின்றால் கார் அடுப்பாகிவிடும். இவையெல்லாம் உண்மையான தேவைகள். சிக்கல் எங்கே என்றால், இந்த உண்மையான தேவைகளின் நிழலிலேயே வேறு சிலவும் பில்லில் ஏறிவிடுகின்றன. என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்திகரிப்பு, பெட்ரோலில் கலக்கும் திரவம், ஏசிக்குக் கிருமிநாசினி என்ற பெயர்களில் வரும் இவற்றில் பலவும் உற்பத்தியாளரின் அட்டவணையில் இடம்பெறாதவை. அட்டவணை ஒன்று, ஏஜென்சியின் ‘பேக்கேஜ்’ மற்றொன்று என்பதை வாடிக்கையாளருக்கு யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. வேண்டாம் என்று சொன்னால் நாளை வாரன்ட்டியில் கை வைப்பார்களோ என்ற அச்சம் அவரைத் தலையாட்ட வைக்கிறது. அச்சத்தில் கிடைக்கும் சம்மதத்தை விருப்பம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள எந்த வணிகருக்கும் உரிமை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கவுன்டருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் அட்வைசரும் பெரும்பாலும் நம்மைப் போலவே விசாவில் வந்தவர்தான். கேரளத்துக்காரராகவோ ஃபிலிப்பைன்ஸ்காரராகவோ எகிப்தியராகவோ இருப்பார். மாத இலக்கு என்ற கத்தி அவர் தலைக்கு மேலும் தொங்குகிறது. உள்ளே காரின் அடியில் படுத்து வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் அதே நிலை. வெளிநாட்டவரிடம் வெளிநாட்டவரே கறக்கிறார் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. இரண்டு பேரையும் ஒரே அமைப்புத்தான் நெருக்குகிறது. ஆகவே, தனி மனிதர்களின் நேர்மையைப் பற்றிய புகாராக இதைப் பேசுவதில் பயனில்லை. விதியைப் பற்றியே பேச வேண்டும்.

ஏஜென்சிகளின் தரப்பில் வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது பாதுகாப்பு. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் விவகாரத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அந்தக் காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நீண்டகால வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சீர்கெட்டு, விபத்தின்போது உலோகச் சில்லுகளை முகத்தில் வீசும் அளவுக்கு வெடித்தது. உலகெங்கும் சுமார் 10 கோடி கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வெப்பமும் கடல் ஈரமும் சேர்ந்த வளைகுடாக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறில்லை. ஏஜென்சியோடு தொடர்பில் இருக்கும் காருக்கு இத்தகைய அழைப்பு உடனே சேர்கிறது, குறைபாடு இலவசமாகச் சரிசெய்யப்படுகிறது என்பது உண்மை. ஆனால், திரும்பப் பெறும் கடமை உற்பத்தியாளருடையது. கார் எங்கே ஆயில் மாற்றியது என்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை. சேசிஸ் எண்ணும் உரிமையாளரின் கைப்பேசி எண்ணும் போக்குவரத்துத் துறையிடம் இருக்கின்றன. சவூதி வணிக அமைச்சகம் திரும்பப் பெறப்படும் வாகனங்களுக்கெனத் தனி இணையதளமே நடத்துகிறது. சேசிஸ் எண்ணைத் தட்டினால் தகவல் கிடைக்கும் காலத்தில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆயில் மாற்றுவதைப் பிணைத்துவைக்கத் தேவையில்லை.

இரண்டாவது வாதம் போலி உதிரிபாகம். இதைப் புறந்தள்ள முடியாது. பிரபல நிறுவனங்களின் பெட்டியில் அடைத்த போலி ஆயில் ஃபில்டர்களும் பிரேக் பேடுகளும் வளைகுடாச் சந்தையில் அதிகாரிகளால் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும், துபாயின் அல் கூஸிலும், குவைத்தின் ஷுவைக்கிலும், கத்தாரில் ‘சனையா’ என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பகுதியிலும் நூற்றுக்கணக்கான கராஜ்கள் இருக்கின்றன. அவற்றில் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் உண்டு; ஏசி வாயுவைக்கூட அளந்து நிரப்பத் தெரியாதவர்களும் உண்டு. வெளிநாட்டவர்களிலும் ஒரு சாரார் காசை மிச்சப்படுத்த நினைத்து மலிவான பாகத்தைப் போட்டு, பிறகு வருந்துகிறார்கள். இந்த உண்மைகளிலிருந்து வர வேண்டிய முடிவு எது? கராஜ்களைத் தரம் பிரித்து உரிமம் கொடுங்கள், போலியை விற்பவரைத் தண்டியுங்கள், போட்ட பாகத்தின் எண்ணையும் பில்லையும் கட்டாயமாக்குங்கள் என்பதே. நகராட்சி உரிமம் பெற்றுத்தான் அந்தக் கராஜ்கள் இயங்குகின்றன. அந்த உரிமத்துக்கு மதிப்பு உண்டென்றால் அங்கே மாற்றிய ஆயிலுக்கும் மதிப்பு இருக்க வேண்டும். ஏஜென்சியில் அசல் பாகத்துக்கு வைக்கப்படும் விலையே போலிக்குச் சந்தை திறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசலை நியாய விலைக்கு எந்தக் கராஜும் வாங்க முடிந்தால் போலியைத் தேடுபவர் குறைவார்.

மூன்றாவது வாதம் முதலீடு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவிகள் வாங்கி, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறோம், வாடிக்கையாளர் வெளியே போனால் இதை எப்படித் தாங்குவது என்று ஏஜென்சிகள் கேட்கின்றன. இதற்கு விடை ஊகத்தில் தேட வேண்டியதில்லை. மற்ற நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் போதும். அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரன்ட்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரன்ட்டி என்று நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விதிமுறைகளும் அதே வழியில் போகின்றன. அவை 2028 மே வரை நீட்டிக்கப்பட்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்கா 2021 ஜூலை முதல், வாரன்ட்டிக் காலத்திலும் காரைத் தனியார் பணிமனையில் சர்வீஸ் செய்ய வழி திறந்துவிட்டது. இந்த நாடுகளில் கார் விற்பனை நிறுவனங்கள் கடையைக் கட்டிவிடவில்லை. வாரன்ட்டி வேலை, திரும்பப் பெறும் வேலை, சிக்கலான மின்னணுப் பழுது ஆகியவற்றுக்காக மக்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் அனுபவம் வளைகுடாவுக்கு இன்னும் நெருக்கமானது. அதுவும் சிறிய நாடு. கார்கள் பெரும்பாலும் இறக்குமதி. மக்கள்தொகையில் வெளிநாட்டவரின் பங்கும் பெரிது. அங்கும் டீலரின் பணிமனையில் சர்வீஸ் செய்தால்தான் வாரன்ட்டி என்ற நிபந்தனை வழக்கத்தில் இருந்தது. போட்டி ஆணையம் தலையிட்டபின், 2017-ல் கார் டீலர்கள் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். வெளியே செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்தக் கோரிக்கையை மறுக்கும் உரிமை டீலருக்குத் தொடர்ந்து உண்டு. இந்த இடம்தான் முக்கியம். நிரூபிக்கும் பொறுப்பு கை மாறியது. முன்பு, ‘நான் வேறெங்கும் போகவில்லை’ என்று கார் வைத்திருப்பவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது, ‘வெளி வேலையால்தான் கெட்டது’ என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவர் மறுப்பவர். வெளியே ஆயில் மாற்றியவரின் கார் சன்னல் மோட்டார் நின்றுபோனால், ஆயிலுக்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

இந்தியாவும் இந்த வழியில் ஓரடி வைத்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனியார் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதம் மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. ஊரிலும் சர்வீஸ் சென்டர்களில் பழைய மிரட்டல் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும், நியாயம் எந்தப் பக்கம் என்பதை ஓர் அரசு அமைப்பு எழுத்தில் வைத்துவிட்டது. வளைகுடாவில் இருக்கும் இந்தியர் கேட்பது புதிய சலுகை அல்ல. தன் நாடு உட்படப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஒரு நெறியைத்தான்.

கடைசியாக ஒரு வாதம் உண்டு. அதை யாரும் ஏட்டில் எழுதுவதில்லை. ஆனால் பலரின் மனத்தில் இருக்கிறது. ‘பிழைக்க வந்த இடத்தில் இதையெல்லாம் கேட்கலாமா? பிடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாமே’ என்பது அது. நம்மவர்களே இதைச் சொல்வதுதான் வேதனை. அமீரகத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர். சவூதி அரேபியாவில் 2022 கணக்கெடுப்பின்படி மக்களில் 41.6 விழுக்காட்டினர் வெளிநாட்டவர். இவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்தக் கார் சந்தையில் என்ன மிஞ்சும்? ஏஜென்சியின் விற்பனைக் கணக்கில் இவர்கள் விருந்தாளிகள் அல்லர், ஆணிவேர். தவிரவும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடிமகன், வெளிநாட்டவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அமீரகத்தின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வாரன்ட்டியை நிறைவேற்றும் கடமையையும் உதிரிபாகமும் பராமரிப்பும் தரும் கடமையையும் விற்பவர் மீதும் ஏஜென்ட் மீதும் சுமத்துகிறது. அந்த நாட்டுக் குடிமக்களும் இதே கவுன்டரில்தான் நிற்கிறார்கள். அவர்களும் இதே பில்லைத்தான் கட்டுகிறார்கள். ஓட்டுரிமையோ சங்கமோ இல்லாத வெளிநாட்டவர் கூடிக் குரல் எழுப்ப முடியாது என்பதாலேயே, அவர் சார்பில் சட்டம் பேச வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

எல்லாக் கார்களையும் ஒரே வாசலுக்கு அனுப்பும் அமைப்பு எவ்வளவு எளிதில் திணறும் என்பதை 2024 ஏப்ரல் 16 காட்டியது. அன்று அமீரகத்தில் 1949-ல் பதிவுகள் தொடங்கிய பிறகு காணாத மழை கொட்டியது. அல் ஐன் பகுதியில் ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். சாலைகளிலும் கட்டடங்களின் அடித்தளங்களிலும் கார்கள் மூழ்கின. அதன்பின் பணிமனைகளின் வாசலில் வண்டிகள் குவிந்தன. சோதித்துப் பார்க்கவே முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பீட்டில் கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஏஜென்சி ரிப்பேர்’ எடுத்திருந்தவர்களும் வரிசையில்தான் நின்றார்கள். நீரில் மூழ்கிய காரில் ஒவ்வொரு நாள் தாமதமும் வயரிங்கைத் தின்னும். தகுதிபெற்ற தனியார் பணிமனைகளை முன்பே அங்கீகரித்து, தகவலும் பாகமும் கொடுத்து வளர்த்திருந்தால் அந்தச் சுமை பகிரப்பட்டிருக்கும்.

இனிவரும் காலம் இந்தப் பிடியை மேலும் இறுக்கவே போகிறது. முன்பு மூன்றாண்டு வாரன்ட்டி பொதுவழக்கு. இன்று கொரிய, சீன நிறுவனங்களின் போட்டியால் ஐந்தாண்டு, ஏழாண்டு என்று நீள்கிறது. வாங்குபவருக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், வாரன்ட்டி ஒரே பணிமனையோடு கட்டப்பட்டிருக்கும்வரை, வாரன்ட்டி நீண்டால் கயிறும் நீள்கிறது. சராசரி வெளிநாட்டவர் அந்தக் காரை வைத்திருக்கும் காலம் முழுவதையும் அது விழுங்கிவிடும். இன்னொரு பக்கம், புதிய கார்களில் பிரேக் பேடு மாற்றிவிட்டு மென்பொருளில் பதிவு செய்தால்தான் எச்சரிக்கை விளக்கு அணையும் என்ற நிலை பரவுகிறது. கைவேலை தெரிந்த கராஜ்காரர் மடிக்கணினித் திரைக்கு முன் கையைப் பிசைந்து நிற்கிறார். ஆஸ்திரேலியா இதை முன்கூட்டியே உணர்ந்து, உற்பத்தியாளர்கள் பழுதுநீக்கும் தகவலைத் தனியார் பணிமனைகளுக்கு நியாய விலையில் விற்றாக வேண்டும் என்று சட்டம் போட்டு 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திவருகிறது. மின்சாரக் கார்கள் பெருகும் முன்பே வளைகுடா அரசுகளும் இதைச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. உற்பத்தியாளரின் அட்டவணைப்படி, தரமான பாகத்தைப் போட்டு, உரிமம் பெற்ற எந்தப் பணிமனையில் சர்வீஸ் செய்தாலும் வாரன்ட்டி செல்லும், மறுப்பவர் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்ற ஒரே விதி, மேலே சொன்ன சிக்கல்களில் பாதியைத் தீர்த்துவிடும். மீதிப் பாதி சர்வீஸ் வரலாற்றில் இருக்கிறது. இன்றைக்கு அது ஏஜென்சியின் கணினியில் பூட்டிக் கிடக்கிறது. போக்குவரத்துத் துறை ஏற்கெனவே ஒவ்வொரு காரின் அபராதத்தையும் பாஸிங்கையும் சேசிஸ் எண்ணின் கீழ் வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற கராஜ் எதுவானாலும் செய்த வேலையை அதே இடத்தில் பதிய வகைசெய்தால், முத்திரைக்கு இருக்கும் தனி மதிப்பு கரைந்து, வேலைக்கு மதிப்பு வரும். ஊருக்குப் புறப்படும் குடும்பம் கடைசி வாரத்தில் காரை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலையும் மாறும். புகார் கொடுத்தவரின் விசா முடிந்துவிட்டாலும் புகார் சாகாமல், அவர் ஊரிலிருந்தே தொடர வழி இருக்க வேண்டும். நாள் கடத்தினால் இவர் போய்விடுவார் என்ற நினைப்பே இன்று பல புகார்களுக்குக் கிடைக்கும் பதிலாக இருக்கிறது.

இதைப் படிக்கும் வாசகரின் மகனோ மகளோ அண்ணனோ வளைகுடாவில் கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் மூன்று செய்திகளைச் சேர்த்துவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் உற்பத்தியாளரின் கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும். அதில் இல்லாத எதையும் பில்லில் சேர்க்கும் முன், ‘இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று கேட்கட்டும். வாரன்ட்டி மறுக்கப்பட்டால் வாய்மொழியை ஏற்காமல் எழுத்தில் வாங்கி, அந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகாராகப் பதியட்டும். புகார் கொடுப்பது அங்கே குற்றமல்ல. சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை.